தானே திரும்பி வரும் ஊசிக்கை

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

இதை வாசிக்க நேர்ந்தவர் யாராயினும் தங்களுக்கு என் வணக்கம். என் வீட்டிலிருந்த ஓர் இசைத்தட்டு இயந்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தட்டு பாடி முடிந்ததும் அதன் ஊசிக்கை தானே எழும், தானே தன் இருப்பிடத்திற்குத் திரும்பும், பிறகு இயந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அந்த ஒழுங்கைக் கண்டு நான் மயங்கினேன். மயங்கியதால் என் மனைவியின் உயிரை எந்த விளிம்பில் கொண்டுபோய் வைத்தேன் என்பதே இங்கு நான் சொல்ல வேண்டியது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. செய்தியில் பிழை இல்லை.

எங்கள் வீடு மலைமேல் வாழவந்தி நாட்டில், சாலையை ஒட்டிய ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. மிளகுத் தோட்டம் அந்த மேட்டிலிருந்து இறங்கும் சரிவின் அடியில். இறங்குவதற்குப் பத்து நிமிடம் போதும். ஏறுவதற்கு என் வயதில் அதைப் போல் இருமடங்கு வேண்டும். வீட்டு வாசலில் நின்றால் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு தெரியும். தோட்டத்தில் அந்த ஒரு கோடும் கிடையாது. பிள்ளைகள் இருவரும் கீழே நாமக்கல்லில் குடியேறிவிட்டபின், வீட்டில் நானும் அவளும் மட்டுமே.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டபின் உணவு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். டாக்டர் அதை லோ சுகர் என்பார். சர்க்கரை கூடினால் உடம்பு மெல்லக் கெடும் என்றும், குறைந்தால் அன்றைக்கே ஆள் போய்விடக்கூடும் என்றும் அவர் எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். முதன்முறை அது வந்தபோது நான் அடையாளம் காணவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கோபம் என்று எண்ணி நானும் வீம்பாகப் பேசாமல் இருந்தேன். அவள் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியதைக் கண்ட பிறகுதான், இது கோபமல்ல என்பது எனக்கு உறைத்தது.

அதன்பின் மிளகுப் பருவத்தில் அவளைத் தனியே விட்டுத் தோட்டத்திற்கு இறங்க எனக்கு அச்சம். இறங்காமலும் இருக்க இயலாது. அப்போதுதான் என் பழைய தொழில் உதவிக்கு வந்தது. இளமையில் நான் மைக் செட் வாடகைக்கு விட்டு வந்தவன். மலை முழுவதும் கலியாணம், காதுகுத்து, கோயில் நோன்பு என்று எங்கு நடந்தாலும் பெட்டிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கட்டுவோம். இசைத்தட்டுப் பெட்டியைச் சுமந்து வந்தவள் அவளே. தொழில் ஓய்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் பழைய ரெக்கார்டு பிளேயரும், ஆம்பிளிபயரும், ஒரு குழாய் ஸ்பீக்கரும், நூறுக்குக் குறையாத தட்டுகளும் வீட்டில் இருந்தன. குழாயை வீட்டின் பின்னாலிருந்த பலா மரத்தில், வாய் தோட்டத்தைப் பார்க்கும்படி கட்டினேன்.

ஏற்பாடு இதுதான். நான் தோட்டத்திற்கு இறங்கியதும் அவள் ஒரு தட்டைப் போடுவாள். பக்கம் முடிந்ததும் எழுந்து வந்து, தட்டைத் திருப்பி, மறுபடி ஊசியை வைப்பாள். பழைய பிளேயரில் எல்லாம் கையால்தான். பாட்டு முடிந்தபின் யாரும் ஊசியைத் தூக்காவிட்டால், அது கடைசி வெற்றுக் கோட்டிலேயே சுற்றிக்கொண்டு ‘டொக்... டொக்...’ என்று அடித்துக்கொண்டிருக்கும். குழாய் வழியே அந்த அடி, சரிவு முழுவதும் கேட்கும். நூறு எண்ணுவதற்குள் அது நிற்காவிட்டால் நான் ஏறி வந்துவிடுவேன். ‘டொக்’ என்பது அவளைக் காணோம் என்று பொருள்.

இதை விளக்கிய அன்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நான் உசுரோட இருக்கறத மைக் செட்டு வெச்சு ஊருக்கே சொல்லோணுமாங்க?”

“ஊருக்கில்ல புள்ள. எனக்கு.”

“அவ்வளவு நல்ல காதுங்களா உங்களுக்கு? அப்புறம் ஏனுங்க நான் ரேசன் கடைக்குப் போகச் சொன்னா மட்டும் கேக்க மாட்டேங்குது?”

சிரித்தாளே தவிர, மறுநாள் முதல் ஒரு நாளும் தவறவில்லை. நான் மூங்கில் ஏணியில் நின்று சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகைக் கிள்ளிக்கொண்டிருக்கும்போது, அவள் செய்வதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் கை லேசாக நடுங்கும். ஆகவே ஊசி தட்டில் விழும்போது ‘தொப்’ என்று ஒரு சத்தம், சில நாள் ‘சர்ர்’ என்று ஓர் இழுப்பு. சில சமயம் அவசரத்தில் பாட்டின் நடுவிலேயே வைத்துவிடுவாள். ஒரு பக்கத்திற்கும் மறு பக்கத்திற்கும் இடையில் முப்பது எண்ணுவேன். சில நாள் எண்பது எண்ணுவேன். எண்பது என்றால் அடுப்பில் ஏதோ பொங்கியிருக்கிறது, அல்லது கோழி உள்ளே வந்துவிட்டது. அத்தனை தப்பும் தவறுமாக ஒருவர் ஓர் இயந்திரத்தைக் கையாண்டதும், அதைக் கேட்டு ஒருவன் அத்தனை நிம்மதியடைந்ததும் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஒரு தடவை ‘டொக்’ நூறைத் தாண்டியது. ஓடினேன். கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். சற்று நேரத்தில் கண் தெளிந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். “சேத்துக் காலோட சமையக்கட்டுக்குள்ளயா வந்தீங்க?” என்றாள். அந்த வசவைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பருவம் அவ்விதம் கழிந்தது. அடுத்த பருவத்திற்குச் சற்று முன்பு பழைய பிளேயரின் மோட்டார் எரிந்துவிட்டது. சேலம் வரை ஆள் விட்டுத் தேடியும் மாற்று மோட்டார் கிடைக்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்யும் என் மூத்த மகன், பொங்கலுக்கு வந்தபோது புது இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கறுப்பு நிறம், கண்ணாடி போன்ற மூடி. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். கை தானாக எழுந்து, தட்டின் ஓரத்திற்கு மேலே வந்து நின்று, பூவை வைப்பது போல ஊசியை இறக்கியது.

“அப்பா, தொடாதீங்க. முடியற வரைக்கும் சும்மா பாருங்க,” என்றான்.

நாங்கள் மூவரும், பக்கத்துத் தோட்டத்து அம்மாவும் சுற்றி உட்கார்ந்து முழுப் பக்கமும் கேட்டோம். அந்த அம்மா கணவரை இழந்தவர், காப்பித் தோட்டத்தைத் தனியே பார்த்துக்கொள்பவர், வாய்த்துடுக்கு மிக்கவர். பாட்டு முடிந்தது. கை எழுந்தது, திரும்பியது, தன் கொக்கியில் உட்கார்ந்தது. தட்டு சுற்றுவது ஓய்ந்தது. விளக்கும் அணைந்தது.

“அடேயப்பா,” என்றார் அந்த அம்மா. “எங்கூட்டுக்காரரு இருந்த வரைக்கும் சாப்பிட்ட வட்டல எடுத்து வெச்சதில்லீங்க. இது பாடி முடிச்சுக் கையக் கழுவி, வெளக்கையும் அமத்திட்டுப் படுத்துக்குது!”

“நம்மூட்டு ஆளும் அப்படித்தானுங்க அக்கா,” என்றாள் என் மனைவி. “பத்து நாளைக்கு இந்த மெசினு கிட்ட டியூசன் அனுப்பினாத் தேவலாம்.”

என் மகன் முன்பக்கத்திலிருந்த, விரலால் தள்ளும் ஒரு சிறு நெம்பையும் காட்டினான். “இதைத் தள்ளி வெச்சா, முடிஞ்சதும் அணையாது. கை திரும்பி வந்து, மறுபடி மொதல்ல இருந்து பாடும். நாம நிறுத்தற வரைக்கும் பாடிக்கிட்டே கெடக்கும். கடை வெச்சிருக்கறவங்களுக்கு ஆகும். நமக்கு வேண்டாம்.” மோர் டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் மனைவியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் ஊருக்குத் திரும்பிய மறுநாளே நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். என் கை அப்படி. தட்டு உட்காரும் வட்டத்தைத் தூக்கினால் அடியில் ஒரு பெரிய பற்சக்கரம். அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பற்கள் இல்லை. ஆகவே பாட்டு ஓடும்போது அது சும்மா நிற்கும். பாட்டின் கோடுகளில் ஊசி மிக மெல்ல உள்ளே நகரும். கடைசிக் கோடு அகலமானது. அங்கு வந்ததும் ஊசி விரைந்து உள்ளே ஓடும். அந்த விரைவை ஒரு சிறு நாக்கு உணர்ந்து பற்சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது. பிறகு சக்கரம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அந்த ஒரு சுற்றுக்குள் கையைத் தூக்குவது, திருப்புவது, இறக்குவது, மோட்டாரை அணைப்பது எல்லாம் முடிந்துவிடும். மின்சார மூளை எதுவும் கிடையாது. வாழ்நாளெல்லாம் தட்டுகளின் பக்கத்தில் நின்று ஊசியைத் தூக்கியவன் நான். என்னை வேண்டாம் என்று சொல்லும் அந்தச் சக்கரத்தைக் கண்டு எனக்குப் பொறாமை வரவில்லை. பெருமைதான் வந்தது. அவ்வளவு அறிந்தும், அறிய வேண்டிய ஒன்றை நான் அறியவில்லை.

முதல் நாள் ஏணியில் நின்றபோதே அது தெரிந்துவிட்டது. பக்கம் முடிந்தது. ‘டொக்’ வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. முன்பெல்லாம் அவள் எழுந்து வராவிட்டால் இயந்திரம் கத்தும். இப்போது அவள் வந்தாலும் வராவிட்டாலும் அது வாயை மூடிக்கொள்கிறது. அவள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் அமைதியும், கரண்டு போன அமைதியும், அவள் தரையில் கிடக்கும் அமைதியும் ஒன்றேபோல் இருந்தன. அன்று மாலை புது ஏற்பாடு ஒன்றை வகுத்தேன்: பக்கம் முடிந்து இருநூறு எண்ணுவதற்குள் அவள் தட்டைத் திருப்பிப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் நான் வருவேன். அவளும் சம்மதித்தாள்.

ஆனால் எங்கள் தட்டுகள் பழையவை. கலியாண வீடுகளில் உருண்டவை. மையத்தை நெருங்கிய இடத்தில் ஒரு கீறல் இருந்து, ஊசி நாலு கோட்டைத் தாண்டி உள்ளே துள்ளினால், அந்தச் சிறு நாக்கு பாட்டு முடிந்துவிட்டதென்று கருதிக் கையைத் திருப்பி அனுப்பிவிடும். பாடிக்கொண்டிருந்த நாதசுரம் மூச்சை இழுத்த இடத்தில் நின்றுவிடும். அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருப்பாள். பக்கம் முடிய இன்னும் நேரமிருக்கிறது என்று எண்ணியிருப்பாள். நான் இருநூறு எண்ணிவிட்டுச் சரிவில் ஓடுவேன். ஒரே வாரத்தில் மூன்று முறை அவ்வாறு ஓடினேன். மூன்று முறையும் அவள் நன்றாக இருந்தாள்.

மூன்றாம் முறை, ஈரச் சருகில் கால் வழுக்கி முழங்காலைப் பாறையில் இடித்துக்கொண்டேன். நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்ற என்னைக் கண்டதும் அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். முதல் இரண்டு முறையும் கேலி செய்தவள் அன்று கேலி செய்யவில்லை.

“எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. உங்களுக்குத்தான் ஆகப்போகுது,” என்றாள். “ஒரு நாளைக்கு அந்த ஏணியில இருந்து அவசரத்துல எறங்கி விழுவீங்க. அப்ப உங்களுக்கு எந்த மெசினுங்க பாடும்? நான் என்னன்னு கேட்டுட்டு ஓடியாருவேன்?”

மஞ்சளை அரைத்து வந்து முழங்காலில் பற்றுப் போட்டாள். போடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதன்பின் நடுவில் நிற்பது இல்லாமல் போயிற்று. அதாவது, நின்றாலும் உடனே மறுபடி பாட்டு தொடங்கியது, சில சமயம் அதே பக்கம், சில சமயம் மறு பக்கம். கீறல் விழுந்த தட்டுகளை அவள் ஒதுக்கிவிட்டாள் என்றும், இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றும் நான் முடிவு செய்துகொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, நாள்தோறும் இருவேளை உண்டோம். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்கப் போனபோது கடைக்காரரிடம்கூட அந்த இயந்திரத்தைப் புகழ்ந்து பேசினேன். “ஒரு நர்ஸ் இருந்து பாத்துக்கற மாதிரிங்க,” என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

இனி அந்த நாள்.

மாசி மாதத்துக் காலை. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. தோட்டத்தின் கடைக்கோடியில், பாறைக்கு மேல் நின்ற மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறியிருந்தேன். அன்று அவள் போட்டிருந்தது நாதசுரத் தட்டு. மாங்கல்யம் கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தோடு வரும் மங்கல இசை. ஒரு காலத்தில் எத்தனையோ பந்தல்களில் நான் போட்ட தட்டு அது. பக்கம் முடிந்தது. மறுபடி தொடங்கியது. அதே பக்கம்தான். அவளுக்குப் பிடித்திருக்கிறது போலும் என்று எண்ணி, கிள்ளிக்கொண்டிருந்தேன். அதுவும் முடிந்தது. மறுபடி அதே பக்கம்.

எண்ணுவது எனக்கு அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. பாட்டு நின்றால் என் வாய் தானாக எண்ணும். இரண்டாம் முறை பதினொன்று வரை எண்ணியபோது நாதசுரம் தொடங்கியது. மூன்றாம் முறை நின்றபோதும் எண்ணினேன். பதினொன்று. அப்போதுதான் முதல் இடைவெளியும் பதினொன்றே என்பது நினைவுக்கு வந்தது.

அவள் எந்த வேலையையும் இரண்டு தடவை ஒரே மாதிரியாகச் செய்தவள் அல்லள். ரசத்திற்கு உப்பு இன்று கூடும், நாளை குறையும். கோலம் ஒரு நாள் வாசலை அடைக்கும், மறுநாள் ஒரு கையகலம். அவள் பதினொன்றுக்குள் எழுந்து வந்து தட்டைத் தொடுவதே அரிது. மூன்று முறையும் பதினொன்று என்பது நடக்கவே நடக்காது. அது அந்தச் சக்கரத்தின் ஒரு சுற்று. வீட்டிற்குள் பாட்டைத் தொடங்கிக்கொண்டிருந்தது மனிதக் கை அல்ல.

ஏணியை விட்டு எவ்வாறு இறங்கினேன் என்று நினைவில்லை. இடுப்பில் கட்டியிருந்த மிளகுப் பை வழியெல்லாம் சிந்தியிருந்ததைப் பிறகு வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஏறினேன். ஏற ஏற இசை தெளிவாகிக்கொண்டே வந்தது. பழைய இயந்திரமாயிருந்தால் ‘டொக்’ என்று அடித்து என்னை விரட்டியிருக்கும். இதுவோ என்னை நிதானமாக வரச் சொல்வது போல, ஒரு பிசிறுமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது. பாதிச் சரிவில் மூச்சு வாங்கி நின்றபோது, நாதசுரத்தோடு தவிலும் சேர்ந்து கெட்டிமேளம் முழங்கியது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து நிற்கும் நேரம் அது. நான் ஒரு புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சமையலறையில், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்திற்கும் இடையில், ஒருக்களித்துக் கிடந்தாள். வட்டிலில் களி போட்டது போட்டபடி இருந்தது. மேலே தோல் கட்டியிருந்தது. காலை ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவதற்குள் ஏதோ ஒரு வேலை அவளை அழைத்திருக்கிறது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. பல் கிட்டியிருந்தது. தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழலில் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வெல்லத்தைப் பொடித்து ஈறில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தலை என் மடியில்.

அங்கிருந்து பார்த்தால் அறைக்குள் இயந்திரம் தெரியும். பக்கம் முடிந்தது. கை எழுந்தது. அவசரமில்லாமல் திரும்பியது. ஓரத்திற்கு வந்து நின்றது, இறங்கியது. மறுபடி நாதசுரம். எழுந்து போய் நிறுத்த வேண்டுமானால் அவள் தலையைத் தரையில் வைக்க வேண்டும். வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே அது இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெம்பு தள்ளியிருந்ததும் அங்கிருந்தே தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்து அம்மா வாசலில் வந்து நின்று, உள்ளே பாராமலே சத்தம் போட்டார்.

“ஏனுங்க அம்மணி, காலையில இருந்து எத்தனை தடவ தாலி கட்டுவீங்க? மாப்பிள்ளைக்குக் கை வலிக்காது?”

பிறகு உள்ளே பார்த்தார். சாலைக்கு ஓடி, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பை நிறுத்தி, தார்களை இறக்க வைத்தவர் அவரே. நாங்கள் புறப்பட்டபோது வீட்டில் இசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சுகாதார நிலையத்தில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் அம்மா என்னிடம் கேட்டார்: “எவ்வளவு நேரமாங்க இப்படி இருக்காங்க? கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?”

அரை மணியா, இரண்டு மணியா, நான் முதல் மரத்தில் ஏறியபோதே விழுந்துவிட்டாளா? காலை முழுவதும் அவள் நலமாயிருப்பதாக ஒரு குழாய் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. “தெரியலீங்க,” என்றேன். அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் தோளில் இப்படியும் அப்படியுமாகச் சரிந்தது.

பிழைத்தாள். ஆனால் திரும்பி வந்தவள் முழுதாக வரவில்லை. சர்க்கரை நெடுநேரம் இறங்கிக் கிடந்ததால் மூளை களைத்துவிட்டதென்றார்கள். சொற்கள் தாமதித்து வந்தன. அடுப்பை மூட்டிவிட்டு எதற்கு மூட்டினோம் என்று நிற்பாள். வீட்டிற்கு வந்து பத்து நாள் கழித்து, அவள் முகம் தெளிவாயிருந்த ஒரு பிற்பகலில் கேட்டேன்.

“அந்த நெம்பைத் தள்ளி வெச்சது நீயா?”

“ஆமாங்க. பாட்டு நின்னா நீங்க ஓடியாருவீங்க. கால ஒடிச்சுக்குவீங்க.”

“எப்ப இருந்து புள்ள?”

நெடுநேரம் யோசித்தாள். “மஞ்சப்பத்துப் போட்டனே, அன்னைக்கு...” என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “எந்த நெம்புங்க?” என்றாள்.

அவ்வளவே எனக்குக் கிடைத்தது. முழங்கால் அடிபட்ட நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மாதம். அந்த மாதத்தில் எத்தனை நாள் அவள் என்று எண்ணி இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்? இன்னும் எத்தனை முறை அவள் விழுந்து, தானே எழுந்து, என்னிடம் சொல்லாமல் விட்டாள்? என் கால் ஒடியக் கூடாது என்று அவள் நினைத்தாள். அவள் நினைத்தது நடந்தது. என் கால் ஒடியவில்லை.

இயந்திரத்தைப் பிரித்து, அந்தச் சிறு நாக்கைக் கழற்றி எறிந்தேன். “புது மெசினைக் கெடுத்துட்டீங்களேப்பா,” என்றான் மகன். அம்மாவை நாமக்கல்லுக்கு அழைத்துப்போகிறேன் என்றும் சொன்னான். போனாள். நான்கே நாளில், சோறு இறங்கவில்லை என்று அவனே திரும்பக் கொண்டுவந்து விட்டான். அவளைத் தனியே விடுவது என்ற பேச்சே இனி இல்லை. ஆகவே ஓராண்டு கழித்து இந்தப் பருவம் தொடங்கியதும், தோட்டத்திற்கு அவளையும் உடன் அழைத்துக்கொண்டு இறங்கினேன். மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார வைப்பேன். மடியில் சர்க்கரைப் பொட்டலம், கையில் ஒரு வாழைப்பழம். ஏணியில் நின்றபடி சற்றைக்கொருமுறை “ஏ புள்ள!” என்பேன். “இருக்கேனுங்க,” என்பாள். சில வேளை பதில் வராது. இறங்கிப் பார்ப்பேன். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அல்லது என்மேல் ஏதோ வருத்தத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பாள். அதற்காக நான் ஒருநாளும் கோபித்ததில்லை.

சென்ற வாரம், நடுப்பகல். மேகம் சரிவின் பாதி வரை இறங்கி வந்திருந்தது. வாசலூர்பட்டி ஏரிப் பக்கமிருந்து வரும் சுற்றுலாக்காரர்களின் பாட்டுச் சத்தமும் அன்று இல்லை. நான் உச்சியில் நின்று ஒரு கொத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கீழிருந்து அவள் குரல் வந்தது.

“இருக்கேனுங்க.”

நான் கூப்பிட்டிருக்கவில்லை. என் உதடு என்னை அறியாமல் அசைந்ததோ என்று ஐயுற்று, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். இலையில் நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது.

“இருக்கேனுங்க,” என்றாள் மறுபடி. யாரோ இரண்டாம் முறை கேட்டதற்குச் சொல்வது போல், சற்று உரக்க.

இறங்கி வந்து அவள் எதிரில் குந்தினேன். நெற்றியைத் தொட்டேன். வேர்வை இல்லை. பழத்தைத் தின்றிருந்தாள்.

“யாருக்குப் பதில் சொன்ன?”

“நீங்கதானுங்க கூப்பிட்டீங்க.”

“நான் கூப்பிடலியே புள்ள.”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். என் ஞாபகம்தான் தவறிவிட்டது என்பது போல. “மேல இருந்து இல்லீங்க,” என்றாள். “அந்தப் பக்கமிருந்து.” கையை நீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய பக்கத்தில் தோட்டம் இல்லை, வழி இல்லை. பாறை முடிந்து, மேகம் நிறைந்த பள்ளம் மட்டுமே இருந்தது.

அன்றிலிருந்து நான் ஏணியில் ஏறவில்லை. மிளகு கொடியிலேயே சிவந்து பழுத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதும் இந்நேரத்திலும் ஒரு கை தொடும் தூரத்தில்தான் அவள் இருக்கிறாள். எழுதத் தொடங்கியதிலிருந்து இரண்டு தடவை பதில் சொல்லிவிட்டாள். என் காதுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.

ஐயா, அம்மா, வயதானவர்களைத் தனியே விட்டு வேலைக்குச் செல்லும் வேறு யாருக்கேனும் இது பயன்படலாம். இந்த எழுத்தைக் கிழித்தெறியாமல் தங்களிடம் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.